கிணற்றில் ஆளை இறக்கும் கயிறு

சித்திரை பிறந்ததும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கிணற்று வேலை தொடங்கிவிடுகிறது. பாலாற்றங்கரை ஊர்களிலும், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து ஏரிப் பாசன ஊர்களிலும் ஏரி வற்றிய பிறகு கிணறுதான் கதி. ஊற்று அடைபட்ட கிணற்றில் தூர் வாரவும், ஃபுட் வால்வைப் பார்க்கவும், பழுதான மோட்டாரைக் கழற்றவும், தவறி விழுந்த ஆட்டையோ கன்றையோ தூக்கவும் ஆள் இறங்கியாக வேண்டியிருக்கிறது. எந்தக் கயிற்றில் இறங்குவது? அன்றைக்குக் கொட்டகையில் எது கிடக்கிறதோ, அதில். காலையில் வண்டியில் வைக்கோல் பாரம் கட்டிய கயிறு பிற்பகலில் ஒரு குடும்பத் தலைவனைத் தாங்குகிறது.

இந்த வழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆளை இறக்குவதற்கென்றே ஒரு கயிறும், அதற்குரிய கருவிகளும் தனியாக இருக்க வேண்டும். அவற்றை அவ்வப்போது பரிசோதிப்பதற்குப் பொறுப்பான ஓர் ஆளும் இருக்க வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் மானியம் கேட்கும் கிராமங்கள் இதைக் கேட்பதே இல்லை. கிணற்றுக்குள் ஒருவன் மயங்கிக் கிடக்கும்போதுதான் கயிறு எங்கே என்று ஓடுகிறார்கள்.

காஞ்சிக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளுகிறார். விழாவுக்காக நீரை இறைத்துவிடுவதால் ஜனங்கள் படிக்கட்டில் நடந்தே கிணற்றுக்குள் போய் மண்டபத்தைச் சேவித்துவிட்டு வருகிறார்கள். அதைக் கட்டியவர்கள் மனிதன் இறங்கி ஏறும் வழியையும் கிணற்றோடு சேர்த்தே அமைத்தார்கள். வயல் கிணறுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கருங்கல் படிகள் இருந்தால் உண்டு. அவையும் பாதி உடைந்திருக்கும், மீதி பாசி பிடித்திருக்கும். 30 அடி ஆழத்தில் கால் தவறினால், அடியைத் தொடும்போது மனிதன் மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறான். கோடையில் அடியில் தண்ணீர் இராது. பாறையும் சேறும்தான்.

விழுவதைவிடப் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாத காற்று. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 21 சதவீதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடம் வேலைக்கு ஆகாது என்று தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. நெடுநாள் புழங்காத கிணற்றில் இலையும் சருகும் அழுகி, கரியமில வாயு அடியில் தங்கிவிடுகிறது. அது காற்றைவிடக் கனமானது, தானாக மேலே வராது. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படக்கூடும். அது அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைப்பவன் அந்த நேரத்தில்தான் சாகிறான். கிணற்றுக்குள் மேடை கட்டி டீசல் எஞ்சினை ஓட்டுவோருக்குக் கார்பன் மோனாக்சைடு என்ற இன்னொரு எமன் உண்டு. அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ அங்கே பிராணவாயு போதாது என்பது நிச்சயம், இறங்கவே கூடாது. ஆனால் விளக்கு நன்றாக எரிந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமாகாது. ஆளைக் கொல்லும் அளவுக்கு விஷவாயு இருந்தும் விளக்கு எரியக்கூடும். எரியும் வாயு தேங்கியிருந்தால் விளக்கே விபத்தாகிவிடும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும், குடம் குடமாகத் தண்ணீரை வீசியடிப்பதும் காற்றைக் கொஞ்சம் கலக்கும். அதற்குமேல் அவற்றை நம்பக்கூடாது. வாயுவை அளக்கும் கருவியும், சுத்தமான காற்றைக் குழாய் வழியே செலுத்தும் விசிறியும், மூச்சுக் கருவியும் வேண்டும். இவை தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினரின் வேலைக்குரியவை. 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்ற காரியம்.

சொல்லிவிட்டு, வரும்வரை சும்மா நிற்க யாருக்கு மனம் வரும்? இங்கேதான் ஒரு சாவு பல சாவுகளாகிறது. 2019 மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் மாண்டனர். உள்ளே போனவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக இறங்கியவர்களும் அதில் அடக்கம். தகப்பனும் பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள். கிணறு வேறு, தொட்டி வேறு என்று சொல்லலாம். ஆனால் சாகும் விதம் ஒன்றே. உள்ளே இருப்பவன் இடுப்பில் கயிறு இல்லை. மேலே நிற்பவனால் இழுக்க முடியவில்லை. ஆகவே அவனும் இறங்குகிறான். முதலில் இறங்கியவனைக் கயிற்றோடு பிணைத்திருந்தால் இரண்டாவது ஆள் இறங்க வேண்டிய அவசியமே வராது. கயிறு, இறங்குகருவி, பரிசோதனை என்று இங்கே சொல்லப்படுவதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகவே.

மலையேறுபவர்களும் தீயணைப்புப் படையினரும் டிசெண்டர் என்று சொல்லும் சாதனத்தைத் தமிழில் இறங்குகருவி எனலாம். பெயர்தான் புதிது, உபாயம் பழையது. முரட்டுக் காளையின் கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு சிறுவன் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். காளை எவ்வளவு இழுத்தாலும் பையன் அசையமாட்டான். மோட்டாரைக் கிணற்றில் இறக்கும்போது கயிற்றை வேப்பமரத்தில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் இதேதான். சுற்று கூடக் கூட உராய்வு பெருகுகிறது, கையில் வரும் பாரம் மளமளவென்று குறைகிறது. இறங்குகருவியும் கயிற்றை உலோகத்தில் வளைத்து, உராய்வால் பாரத்தைத் தாங்குகிறது. நுனியைப் பிடித்திருக்கும் கை வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இதில் எளியது எட்டு வடிவ வளையம். மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கை விட்டுப்போனால் ஆள் விழுவான், அதுவாகப் பூட்டிக்கொள்ளாது. கயிற்றையும் முறுக்கிவிடும். இன்னொரு வகையில் கைப்பிடி உண்டு. பிடியை அமுக்கினால் கயிறு நகரும், விட்டால் நின்றுவிடும். அதிலும் சில மாதிரிகள், பயத்தில் பிடியை ஒரேயடியாக அமுக்கினாலும் நின்றுவிடும்படி அமைந்தவை. கிராமத்துக்கு வாங்குவதானால் இந்தக் கடைசி வகையே உசிதம். பதற்றமான நேரத்தில், வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே அதைத் தொடும் கைகளில், எட்டு வளையத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

கருவியை இறங்குபவன் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு தானே இறங்கலாம். கருவியை மேலே கட்டிவைத்து மற்றவர்கள் அவனை இறக்கவும் செய்யலாம். கிணற்றுக்கு இரண்டாவது முறையே நல்லது. உள்ளே இருப்பவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும். அவன் மயங்கினாலும் கயிறு மேலே உள்ளவர்கள் வசத்தில் இருக்கும். இடுப்பில் வெறும் கயிற்றைச் சுருக்கிட்டுத் தொங்கவிடுவது கொடுமை. தொடை, இடுப்பு, தோள் மூன்றையும் தாங்கும் ஹார்னஸ் எனப்படும் உடல்பட்டை வேண்டும். அதிலும் அசைவில்லாமல் தொங்குபவனை வெகுநேரம் விட்டுவைக்கக் கூடாது. கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். அவன் மயங்கிவிட்டால் சில நிமிஷங்களுக்குள் தரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இறங்குகருவி இறக்கும், ஏற்றாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஆளை இறக்கிவிட்டு, மேலே தூக்க எட்டுப் பேரைத் தேடுவது ஊரில் சகஜம். ஏற்றும் வழியை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். கப்பிகள் போட்டு இழுக்கும் ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். முதல் கயிறு அறுந்தால் தாங்குவதற்கு, வேறோர் இடத்தில் கட்டிய இரண்டாவது கயிறும் அவன் உடல்பட்டையில் இருக்க வேண்டும். டிராக்டரில் கட்டி ஓட்டி இழுப்பதை நினைக்கவே கூடாது. ஆள் சுவரில் துருத்திய கல்லில் மாட்டிக்கொண்டது டிராக்டருக்குத் தெரியாது.

கயிற்றை எதில் கட்டுவது என்பதிலும் அலட்சியம் அதிகம். மோட்டார் கொட்டகைத் தூண், கிணற்றுக் கட்டைச் சுவர், பழைய ஏற்றக்கால், நீர் போகும் இரும்புக் குழாய் என்று கைக்கு எட்டியதில் கட்டிவிடுகிறார்கள். பட்டுப்போகாத, வேர் கெட்டியான வேம்போ புளியோ பக்கத்தில் இருந்தால் அது நல்லது. மரமே இல்லாவிட்டால் நிற்கும் டிராக்டர் ஆகும். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சாவியை எடுத்துப் பொறுப்பான ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கயிறு கிணற்றின் கல் விளிம்பில் உராயும் இடத்தில் கோணிச் சாக்கைப் பல மடிப்பாக மடித்துப் போட வேண்டும். பாரத்தில் இறுகிய கயிறு கூரான கல்லின்மேல் பக்கவாட்டில் நகர்ந்தால், அறுபட நேரம் ஆகாது.

இனி கயிறு. தேங்காய் நார்க் கயிறு ஈரத்தில் உள்ளுக்குள்ளே மக்கும், வெளியே தெரியாது. கடையில் பச்சையும் நீலமுமாக விற்கும் பிளாஸ்டிக் கயிறு பாலிபுரொப்பிலீனால் ஆனது. வெயிலில் கிடந்தால் நைந்து பொடியாக உதிரும். அதோடு சுமார் 165 டிகிரிச் சூட்டில் உருகிவிடும். இறங்குகருவியில் வேகமாக ஓடினால் உராய்வுச் சூடே அதைக் கெடுத்துவிடும். ஆளை இறக்குவதற்கென்று செய்யப்படும் கயிறு நைலானிலோ பாலியெஸ்டரிலோ ஆனது. உள்ளே கரு இழைகளும் வெளியே பின்னிய உறையும் இருக்கும். பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் கனத்தில் வருகிறது. ஐரோப்பியத் தரப்படி இதன் முதல் வகைக் கயிறு ஏறக்குறைய 2,200 கிலோ பாரத்துக்கு ஈடான இழுவையைத் தாங்க வேண்டும்.

80 கிலோ ஆளுக்கு 2,200 கிலோ எதற்கு என்று கேட்கத் தோன்றும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்குவரை குறைந்துவிடும். நைலான் நனைந்தால் இன்னும் கொஞ்சம் போகும். தொய்வாக விட்ட கயிறு திடீரென்று இறுகும்போது, ஆளின் எடையைப் போல் பல மடங்கு பாரம் விழும். மயங்கியவனையும் காப்பவனையும் சேர்த்துத் தூக்க நேரிடும். வருஷங்கள் ஆக ஆகத் தேய்மானம் வேறு. இவை எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவதுதான் உயிருக்கு உத்தரவாதம்.

அந்த உத்தரவாதம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் வழி பரிசோதனை ஒன்றே. இதற்குக் காஞ்சிபுரத்து விவசாயி வெளியூர் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தறியைப் பார்த்தால் போதும். பல ஆயிரம் இழைகள் ஓடும் பட்டுப் பாவில் ஓர் இழை அறுந்தாலும் நெசவாளியின் விரல் கண்டுபிடித்துவிடும். உடனே தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டுத்தான் மறு வேலை. புடவைக்கு இவ்வளவு கவனம் இருக்கிறது. வைகாசித் தேரோட்டத்துக்கு முன்னே வடத்தையும் சக்கரத்தையும் அச்சையும் பார்க்காமல் தேரை நிலையிலிருந்து எடுப்பார்களா? கிணற்றுக் கயிறு விஷயத்தில் மட்டும், பத்து வருஷமா இந்தக் கயித்துலதானே இறங்கறோம், இன்னிக்கு என்ன ஆயிடப் போகுது என்று ஒரு பேச்சு. பத்து வருஷம் ஆகிவிட்டது என்பதே அதைத் தூக்கி எறிவதற்குரிய காரணம். உபயோகிக்காமலே வைத்திருந்தாலும் இத்தகைய கயிற்றுக்கும் உடல்பட்டைக்கும் 10 ஆண்டுக்குமேல் ஆயுள் இல்லை என்று தயாரிப்பவர்களே பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். அடிக்கடி உபயோகித்தால் அதற்கு வெகு முன்பே போய்விடும்.

பார்க்கும் விதம் இது. பகல் வெளிச்சத்தில் கயிறு முழுவதையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரல்களுக்கிடையே சாணளவாக நகர்த்த வேண்டும். கண் உறையைப் பார்க்கட்டும், விரல் உள்ளே இருக்கும் கருவைப் பார்க்கட்டும். ஓரிடத்தில் மெத்தென்று பள்ளமாகவோ, குச்சிபோல் விறைப்பாகவோ, புடைத்தோ இருந்தால் உள்ளே கரு கெட்டுவிட்டது என்று பொருள். கயிற்றைச் சிறு வளையமாக வளைத்தால் வளைவு ஒரே சீராக வர வேண்டும். திடீரென்று மடிந்தால் சந்தேகம். உறையில் வெட்டு, உருகிப் பளபளக்கும் இடம், நிறம் வெளுத்த இடம், கரு எட்டிப்பார்க்கும் இடம் இருந்தால் யோசனையே வேண்டாம். டிராக்டர் பாட்டரியின் திராவகம் பட்ட நைலான் கயிறு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பலம் இராது. அதனால் பாட்டரி, உரமூட்டை, பூச்சிமருந்து டப்பா கிடக்கும் அறையில் இந்தக் கயிறு கிடக்கவே கூடாது.

இறங்குகருவியில் கயிறு ஓடும் இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். அலுமினியத்தில் கயிறு பள்ளம் போடும். கிணற்றுச் சேறும் மணலும் ஒட்டிய கயிறு அரம்போல் அறுக்கும். பள்ளத்தின் ஓரம் கூராகிவிட்டால் அந்தக் கருவியே பிறகு கயிற்றை அறுக்கத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் தேய்ந்துவிட்டாலே விலக்கிவிடுவது நல்லது. கைப்பிடி விட்டதும் தானாகத் திரும்புகிறதா, உள்ளே கயிற்றைக் கவ்வும் பல் தடையின்றி அசைகிறதா, ஆணி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கி வளையத்தின் கதவு, விரலை எடுத்ததும் தானே மூடித் திருகு முழுவதும் ஏற வேண்டும். உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்த கருவியை, விரிசல் தெரியாவிட்டாலும், ஒதுக்கிவிடுவதே சரி. எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். துருப்பிடிக்காமல் இருக்கட்டுமே என்று கையில் அகப்பட்ட எண்ணெயைக் கருவி முழுவதும் பூசிவிடும் நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையில் கயிறு வழுக்கும். அந்த உபகாரம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கஷ்டமான விதி ஒன்று உண்டு. இந்தக் கயிற்றை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கிணற்றில் விழுந்த பசு கத்தும்போது கைவசம் உள்ள நல்ல கயிற்றைப் பூட்டிவைத்திருப்பது பாவம் என்று தோன்றும். ஆனால் 300, 400 கிலோ எடையோடு உதைத்துத் துள்ளிய கயிறு உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? மாட்டுக்குத் தனியாகத் தடித்த கயிறும் அகலப் பட்டையும் வைத்துக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாமல் இதைக் கொடுத்துவிட்டால், அன்றோடு இது மாட்டுக் கயிறு. ஆள் இறங்கும் பெட்டிக்குள் திரும்ப வரக்கூடாது. தள்ளிய கயிற்றை ஆறடித் துண்டுகளாக அன்றைக்கே வெட்டிவிட வேண்டும். முழுசாகக் கிடந்தால் யாராவது ஒருவர் எடுத்துப்போய் இறங்கத்தான் போகிறார்.

செலவு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. இரண்டு கயிறு, இறங்குகருவி, உடல்பட்டை, கொக்கி வளையங்கள், கப்பிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல கறவை மாட்டின் விலைக்குள் அடங்கிவிடும். தனி விவசாயிக்கு அது பாரம், ஊராட்சிக்கு அல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்ததையும் கவனிக்க வேண்டும். நீர்நிலையைப் பார்ப்பது இன்னாருடைய வேலை என்று ஆளைக் குறித்து ஒப்படைத்திருந்தார்கள். ஊருக்குப் பொது என்று விட்டுவிடுவதில்லை. கயிற்றுப் பெட்டிக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

தீயணைப்புப் படை இருக்கும்போது கிராமத்தார் இதில் தலையிடலாமா என்றும் சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணையில் பாதி உண்மை. விஷவாயு இருக்கும் கிணற்றில் கிராமத்தார் எந்தக் கருவியோடும் இறங்கக் கூடாது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அவர்கள் பழகியவர்கள், கருவிகளும் உள்ளவர்கள். ஆனால் தூர் வாரத் தினமும் இறங்கும் கூலியாளுக்காக எந்தப் படையும் வந்து நிற்காது. அவனை முதலிலேயே கயிற்றோடு இறக்குவது ஊரின் வேலை. அவன் மயங்கினால் வேறொருவன் இறங்காமல் மேலே இழுக்க முடியும். கருவி வாங்கி வைத்துவிட்டால் போதும் என்பதும் தவறு. பழகாதவன் கையில் இறங்குகருவி வெறுங்கயிற்றைவிட மோசம். கயிற்றைத் தலைகீழாக மாட்டினால் சில கருவிகள் பிடிக்கவே பிடிக்காது.

பழகுவதற்குச் சந்தர்ப்பம் உண்டு. ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீயணைப்பு வாரம். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் நிலையத்தார் பள்ளிகளிலும் ஊர்களிலும் செய்முறை விளக்கம் காட்டுவார்கள். கிணற்று மீட்பைக் காட்டும்படி ஊராட்சி எழுதிக் கேட்கலாம். முதலில் ஏரிக்கரைச் சரிவில் மணல் மூட்டையை இறக்கிப் பழக வேண்டும், பிறகு மணல் மூட்டையைக் கிணற்றில், பிறகுதான் ஆள். இந்தப் பழக்கத்தை ஊரில் நாலைந்து வாலிபர்களுக்காவது கொடுக்க வேண்டும். ஒரே ஆளுக்குத் தெரிந்தால் அவர் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருப்பார்.

மே 1-ல் கிராமசபை கூடுகிறது. சாலை, விளக்கு, குடிநீரோடு இதையும் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஊரிலேயே ஆழமான கிணறு எது, எத்தனை அடி என்று பார்த்து, அதற்கு இரட்டிப்புக்கும் கூடுதலாகக் கயிற்றின் நீளத்தை எழுத வேண்டும். மரம் தள்ளி இருந்தால் அந்தத் தூரமும் சேர வேண்டும். நீளம் போதாமல் முடிச்சுப் போட்டு இணைத்த கயிறு இறங்குகருவிக்குள் போகாது. பெட்டி எங்கே இருக்கும், இரவில் சாவி யாரிடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வையிடுபவர் யார் என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. வாங்கிய தேதி, எந்தக் கிணற்றில் எப்போது உபயோகித்தார்கள், பார்வையிட்ட தேதி, கையெழுத்து. கையெழுத்து இல்லாத காலாண்டு வந்துவிட்டால், அடுத்த பரிசோதனை வரை அந்தப் பெட்டியைத் திறந்து யாரையும் இறக்கக் கூடாது என்று தீர்மானத்தின் கடைசி வரியில் எழுதிவிடலாம்.